காது கொடுக்கற பொண்ணு

சிறுவர் ஃபேண்டஸி கதைன்னாலே மந்திரக்கோல், வாள், டிராகன்னு ஒரு செட் இருக்கும். இது எதுவுமே கையில இல்லாம ஒரு சின்னப் பொண்ணு ஊரையே காப்பாத்தற கதை ஒண்ணு இருக்கு. பேரு "மோமோ". ஜெர்மன் எழுத்தாளர் மிக்கேல் எண்டே எழுதி 1973ல வந்த நாவல்.

மோமோவுக்கு அப்பா அம்மா கிடையாது. ஊருக்கு வெளிய இடிஞ்சு கிடக்கற பழைய வட்ட அரங்குல தனியா இருக்கா. தொளதொளன்னு ஒரு கோட்டு, சுருட்டை முடி, வெறுங்கால். அவளுக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை, யார் பேசினாலும் முழுசா கேக்கறது. அவ கேக்க ஆரம்பிச்சா சண்டைக்காரங்க சமாதானமாயிடுவாங்க. பசங்களுக்கு புதுசு புதுசா விளையாட்டு தோணும். ஒரு மழை நாள்ல அந்த அரங்கே ஆராய்ச்சிக் கப்பலாகி புயல் கடல்ல போகுது பாருங்க... அட்டகாசம்!

அப்பத்தான் சாம்பல் நிற ஆசாமிங்க வர்றாங்க, வாயில சுருட்டோட. நேரத்தை சேமிச்சா வட்டியோட திருப்பித் தர்றோம்னு ஆசை காட்டறாங்க. முடிவெட்டற ஃபூசி கிட்ட ஒருத்தன் கணக்கு போடறான். 70 வருஷம்னா 220 கோடியே 75 லட்சத்து 20 ஆயிரம் விநாடி. அதுல தூக்கம், சாப்பாடு எல்லாத்தையும் கழிக்கறான். காது கேக்காத அம்மாவோட தினமும் ஒரு மணி நேரம் உக்காந்து பேசறது கூட நஷ்டக் கணக்குல போயிடுது.

இந்தக் கதையை என் எட்டு வயசு மகளுக்கு ராத்திரில தமிழ்ல சொல்லிட்டு வந்தேன். இந்த இடத்துல நிறுத்தச் சொன்னா. "அப்போ தாத்தா கூட பேசறதும் வேஸ்ட்டாப்பா?" எங்க அப்பாவுக்கும் காது மந்தம். எதையும் நாலு தடவை கத்திச் சொல்லணும். "கதை முடியட்டும், நீயே சொல்லு"ன்னேன்.

அடுத்த நாள் அவளோட கேள்வி வேற. "மோமோ யார் கூடவும் சண்டையே போடலியே, அப்புறம் எப்படி தைரியசாலி?"

நல்ல கேள்விதானே? சாம்பல் ஆள் ஒருத்தன் மோமோவை மடக்க ஒரு பேசற பொம்மை கொண்டு வர்றான். அது திரும்பத் திரும்ப சொன்னதையே சொல்லும், இன்னும் சாமான் வேணும்னு கேக்கும். அது கூட கற்பனையா எதையும் விளையாட முடியல. மோமோவுக்கு வாழ்க்கையில முதல் தடவையா போரடிக்குது. அவன் கார்ல இருந்து டிரெஸ்ஸா எடுத்து குவிக்கறான். இவ மசியல. உள்ளுக்குள்ள குளிர் எடுக்கற பயம். இருந்தும் அவன் பேசறதை மனசு வெச்சுக் கேட்டு, உங்களை யாருக்குமே பிடிக்காதான்னு விசாரிக்கறா. அவ்வளவுதான், ஆள் உடைஞ்சு போய் மொத்த ரகசியத்தையும் கொட்டிடறான்!

கடைசில ஊரு உலகமே உறைஞ்சு நிக்க, கையில ஒரே ஒரு மணி நேரத்தோடவும் ஒரு ஆமையோடவும் அவங்க கோட்டைக்குள்ளயே போறா. அதுக்கு முன்னாடி பயந்து ஓடி ஒளிஞ்சவதான். நண்பர்கள் கதி என்னாகும்னு யோசிச்ச நிமிஷத்துல பயம் அப்படியே தைரியமா திரும்பிடுது. பயமே இல்லாத வீரனை விட இவ எனக்கு ஒரு படி மேல. நேரத்தைத் திருடறவனுக்கு எதிரா கத்தியைத் தூக்கி என்ன பண்றது? நம்ம நேரத்தை இன்னொருத்தருக்குக் கொடுக்கறதுதான் அங்க ஆயுதம்.

என் மகளுக்கு பதில் கிடைச்சிருச்சு போல. இப்ப அதே கதையை தாத்தாவுக்கு சொல்லிட்டிருக்கா. அவர் வரிக்கு வரி "என்னம்மா?"ங்கறார். இவளும் சளைக்காம திருப்பிச் சொல்றா. பக்கத்து வீட்டுக்காரங்களுக்கும் மோமோ கதை இந்நேரம் மனப்பாடம் ஆகியிருக்கும் :)

கிடைச்சா படிங்க. வீட்டுல பசங்க இருந்தா வாய்விட்டுப் படிங்க... அவசரமில்லாம.