தரங்கம்பாடி வண்டி

ஆடியில் கபினியும் கிருஷ்ணராஜ சாகரும் நிரம்பி மதகைத் திறந்துவிட்டால் ஒகேனக்கல்லில் பரிசல் ஓடாது. பிலிகுண்டுலுவில் கன அடி ஏற ஏற எங்கள் ஊட்டமலைப் பக்கம் பேச்சு குறைந்துவிடும். ஐந்தருவி, சினி அருவி, மெயின் அருவி எல்லாம் ஒன்றாகி, பாறை தெரியாமல் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரளும். குளிக்கத் தடை, பரிசலுக்குத் தடை. மீன் வறுக்கிற கடைகளில் அடுப்பு அணைந்து கிடக்கும். எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து பீடி பிடிப்பார்கள். மே மாதம் முழுக்க ஓய்வே இல்லாத அப்பாவுக்குக் கை ஓய்கிற காலம் அதுதான். பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதன் அடியில் தார் பூசிக்கொண்டிருப்பார்.

அப்படி ஒரு ஆடியில்தான் அப்பா என்னைத் தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போனார். எண்பதுகளின் தொடக்கம். அம்மாவின் தம்பி பொறையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். "ஒரு தடவை வாங்க மாமா, உங்க ஆறு எங்க முடியுதுன்னு காட்டறேன்" என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை அப்பாவை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து அந்தத் தண்ணீர் மேலேயே பிழைத்தவர். அது மேட்டூருக்குப் போகிறது என்பது வரைக்கும் தெரியும். அதற்கப்புறம் எங்கே என்று பார்த்ததில்லை.

பென்னாகரம், தருமபுரி, சேலம் வரை பஸ். பிறகு திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் என்று ரயில். மாயவரத்தில், இன்றைய மயிலாடுதுறையில், மாமா நின்றிருந்தார். முதலில் எங்களைக் கூட்டிக்கொண்டு போனது பூம்புகாருக்கு. அப்பா அவசரப்படுத்தினார்.

முகத்துவாரத்தில் அப்பா நின்ற நிலை எனக்கு இன்றைக்கும் தெளிவாக இருக்கிறது. ஊரில் நாங்கள் விட்டு வந்த வெள்ளத்தின் இரைச்சல் காதை விட்டு இன்னும் போகவில்லை. இங்கே மணல் திட்டுக்கு நடுவில், இடுப்பளவு ஆழம்கூட இல்லாத ஒரு வாய்க்கால் மெல்ல நகர்ந்து கடலுக்குள் போனது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, பாதி தூரம் நடந்தே போய்த் திரும்பினார்.

"இதாடா மாப்ள காவேரி?"

"ஆமா மாமா."

"நேத்து நம்மூர்ல போன தண்ணி?"

மாமா விளக்கினார். மேட்டூரில் நிறுத்துவது ஒரு பங்கு. மிஞ்சி வருகிற வெள்ளம் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திரும்பிவிடும். அங்கே 1836-இல் ஆர்தர் காட்டன் கட்டிய மேலணை இருக்கிறது. கல்லணையில் வெண்ணாறு, புது ஆறு என்று மறுபடி பிரியும். பிறகு அரசலாறு, வீரசோழனாறு, வயல்வெளி வாய்க்கால்கள். எல்லாரும் எடுத்தது போக மிச்சம்தான் காவிரி என்ற பெயரோடு பூம்புகாருக்கு வருகிறது. "வெள்ளத்தைப் பார்க்கணும்னா பழையாறுக்குப் போகணும் மாமா, கொள்ளிடம் அங்கதான் கடல்ல சேருது." அப்பா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எல்லா வயலும் குடிச்சிட்டுத்தான் வந்திருக்குது, நல்லதுதான்" என்றார். காவிரியைப் பற்றி நான் கேட்டதிலேயே பெரிய மனசோடு சொன்ன வார்த்தை அதுதான்.

மறுநாள் தரங்கம்பாடி. மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு மீட்டர் கேஜ் பாதை இருந்தது. 1926-இல் போட்டது. சுமார் முப்பது கிலோமீட்டர். மன்னம்பந்தல், செம்பனார்கோவில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று நின்று நின்று போகும். நாங்கள் பொறையாறிலேயே ஏறியிருக்கலாம். ஆனால் நான் வண்டியில் போக வேண்டும் என்பதற்காகவே மாமா எங்களை மாயவரத்துக்குத் திரும்ப அழைத்துப் போய் அங்கிருந்து ஏற்றினார். இருபுறமும் நாற்று நட்ட வயல். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால் தொடலாம் என்கிற தூரத்தில் வரப்பு. திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வந்த கூட்டம் மாலையும் தேங்காயுமாக இறங்கியது. மீன்கூடைக்காரம்மாக்கள் காலிக்கூடைகளோடு ஏறினார்கள். தில்லையாடி வந்ததும் மாமா எழுந்து நின்று, வள்ளியம்மையின் ஊர் இது என்றார். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு சத்தியாகிரகத்தில் சிறைக்குப் போய் 1914-இல் இறந்துபோன பெண்ணின் கதையை ஸ்டேஷன் வந்து போகிற நேரத்துக்குள் சொல்லி முடித்தார். ஊரும் கதையும் சேர்ந்தே மனதில் ஏறியது அந்த வண்டியின் வேகத்தால்தான்.

ஊருக்குள் நுழைகிற இடத்தில் வெள்ளையடித்த பெரிய வாசல். 1792 என்று ஆண்டும் டென்மார்க் அரசரின் முத்திரையும் மேலே இருக்கும். அதைத் தாண்டினால் நேராக ராஜ வீதி, அதன் முடிவில் கடல். வீதியின் இருபுறமும் தூண் வைத்த பழைய வீடுகள், 1701-இல் கட்டிய சீயோன் தேவாலயம், எதிரே 1718-இன் புதிய எருசலேம் தேவாலயம். கடலோரத்தில் டேன்ஸ்போர்க் கோட்டை. தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் 1620-இல் அனுமதி வாங்கி ஓவே ஜெட்டே என்ற கப்பல் தலைவர் கட்டத் தொடங்கியது. அதற்கு முந்நூறு ஆண்டு முன்னால் பாண்டியர் காலத்திலேயே சடங்கன்பாடி என்ற பெயரில் கல்வெட்டில் வரும் ஊர் இது. டேனிஷ்காரர்கள் வந்துதான் ஊர் உண்டானது என்பது போலப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

அந்த ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலின் கதையை மாமா சொன்னபோது அப்பா நின்று கேட்டார். கோட்டை கட்டிய இருபது, இருபத்தைந்து ஆண்டுக்குள் டென்மார்க்கில் போரும் பணத் தட்டுப்பாடும். அங்கிருந்து கப்பல் வருவது நின்றுபோனது. ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஒரு கப்பலும் வரவில்லை. வந்தவர்கள் சாகிறார்கள், சிலர் போய்விடுகிறார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்பவர் மட்டும் கோட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளூர் ஆட்களை நம்பி ஊரை நடத்தினார். கடலில் பிடித்த கப்பல்களின் வருமானத்தில் அவர் காலத்தில்தான் ஊருக்கு மதில் வந்தது. 1669-இல் ஊர்க்கப்பல் திரும்ப வந்தபோது அவர்களின் கொடி இன்னும் கோட்டையில் பறந்துகொண்டிருந்தது. "அவன் ஊரு அவனை மறந்தாலும் இவன் கோட்டையை விடலையே" என்றார் அப்பா. வரலாற்றுப் புத்தகங்கள் அந்த மனிதருக்கு ஒரு பத்திதான் தருகின்றன. ராஜாக்களின் முத்திரைகளைவிட அவரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன்.

மதபோதகர் சீகன்பால்கு 1706 ஜூலையில் இந்தக் கரையில் இறங்கினார். குழந்தைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துக் கற்றார். கவர்னரோடு மோதியதில் நாலு மாதம் இதே கோட்டையில் சிறையிருந்தார். 1715-இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். தான் கட்டிய ஆலயத்திலேயே 1719-இல் அடக்கமானார். இதெல்லாம் பலரும் எழுதியவை. நான் அங்கே பார்த்து நின்றது வேறொன்று. கோட்டைக்கு வடக்கே கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயில். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-இல் கட்டியது. முன்மண்டபத்தைக் கடல் ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது. உடைந்த கருங்கல் தூண்கள் அலைக்குள் சாய்ந்து கிடந்தன. அலை உள்ளே வாங்கும்போது கல்லின் அடியில் செதுக்கிய பூவேலை தெரியும், அடுத்த அலை மூடிவிடும். ஐயர் ஒருவர் மிஞ்சிய கருவறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்குக் கோட்டையும் கோயிலும் போதவில்லை. மீனவர் குப்பத்துக்குப் போய்க் கட்டுமரத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கரைக்கு வந்த ஒரு மரத்தை இரண்டு பேர் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆணி கிடையாது. முன்னும் பின்னும் கயிற்றால் கட்டுகிற கட்டு மட்டும்தான். கரையேறியதும் கட்டை அவிழ்த்து ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியே மணலில் காயப்போடுவார்கள், ஈரம் ஏறினால் மரம் கனத்துவிடும் என்று. அப்பா குனிந்து அந்தக் கயிற்றின் முடிச்சை விரலால் பிரித்துப் பார்த்தார். கட்டுமரக்காரர் அவரைத் தடுக்கவில்லை, தொழில்காரன் கை என்று தெரிந்திருக்கும்.

"நீங்க என்ன தொழில்ங்க?"

"பரிசலுங்க. காவேரியில, ஒகேனக்கல்லு."

"அது எப்படி இருக்கும்?"

அப்பா மணலில் வட்டம் போட்டுக் காட்டினார். மூங்கில் பிளாச்சைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சுற்றிலும் வளைத்து விளிம்பு கட்டுவது. தாத்தா காலத்தில் மாட்டுத்தோல் போர்த்தியது, இப்போது பிளாஸ்டிக் சாக்கும் தாரும். ஒரே துடுப்பு. முன்பக்கம் பின்பக்கம் என்று கிடையாது. "சுத்திக்கிட்டே போகுமே, தலை சுத்தாதா?" என்று அவர் கேட்டார். "நீங்க அலையில போறீங்களே, அந்த மாதிரிதான்" என்றார் அப்பா. பொழுது சாயும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். ஆற்றின் இரண்டு முனையிலும் பிழைக்கிற இருவர், ஒருவர் ஊரை மற்றவர் கேள்விப்பட்டதுகூட இல்லை.

அதற்கப்புறம் சில ஆண்டிலேயே, 1986-இல், அந்த ரயிலை நிறுத்திவிட்டார்கள். வருமானம் போதவில்லை என்பதுதான் சொன்ன காரணம். தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். மாமா கடிதத்தில் அதை ஒரு சாவுச் செய்தி போல எழுதியிருந்தார். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமி வந்தது. அப்பாவும் கட்டுமரக்காரரும் உட்கார்ந்திருந்த குப்பம் அப்படியே போய்விட்டது. அவர் இருந்தாரா, இல்லையா என்று விசாரிக்க எங்களுக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. அப்பா அன்று இரவு டி.வி. முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். மீனவர்களுக்கு உள்ளே தள்ளிப் புது வீடுகள் கட்டினார்கள், ஃபைபர் படகுகள் வந்தன. கட்டுமரம் அரிதாகிவிட்டது. எங்கள் பக்கத்திலும் தோல் போர்த்திய பரிசலைப் பார்த்தவர்கள் இன்று எத்தனை பேர் இருப்பார்கள்?

அப்பா போன பிறகு நான் மறுபடி தரங்கம்பாடிக்குப் போனேன், குடும்பத்தோடு, காரில். ராஜ வீதி முன்பைவிட அழகாக இருக்கிறது. வீடுகளுக்குச் சுண்ணாம்புப் பூச்சு, தேக்குக் கதவு. டேனிஷ் கவர்னர் மாளிகையைப் புதுப்பித்திருக்கிறார்கள். பழைய கலெக்டர் பங்களா தங்கும் விடுதியாகிவிட்டது. 1845-இல் தரங்கம்பாடியும் வங்காளத்தின் செராம்பூரும் சேர்ந்து பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர் கைக்கு வந்த பிறகு, கொஞ்ச காலம் தஞ்சை மாவட்டக் கலெக்டர் இங்கேதான் இருந்தார். 1860-இல் அலுவலகம் தஞ்சாவூருக்குப் போனது, ரயில் நாகப்பட்டினத்துக்கு முதலில் வந்தது, துறைமுகம் ஓய்ந்தது. ரயில் இல்லாததால் ஒருமுறை தேய்ந்த ஊர், ரயில் வந்து அறுபது ஆண்டு பிழைத்து, ரயில் போனதால் மறுமுறை தேய்ந்தது. கோயிலுக்கு முன்னால் பாறாங்கல் கொட்டிக் கரையைக் காத்திருக்கிறார்கள், கோயிலையும் சீர் செய்திருக்கிறார்கள். அது மனதுக்கு நிறைவு.

ஆனால் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே கிடைப்பது கோட்டை, வாசல், இரண்டு தேவாலயம், ஒரு அருங்காட்சியகம். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டுக் காரில் ஏறி வேளாங்கண்ணிக்கோ திருநள்ளாறுக்கோ போய்விடுகிறார்கள். பொறையாறு தெரியாது, தில்லையாடி தெரியாது. இந்த மதிலுக்குள் துணி வந்து குவிந்தது உள்நாட்டு நெசவாளர் கைகளால், அரிசி வந்தது காவிரி பாய்ந்த வயலிலிருந்து. கோட்டை மட்டும் தனியாக எந்தக் கப்பலையும் வரவழைத்திருக்காது. அந்தப் பின்னணி ஊர்களோடு கோட்டையைச் சேர்த்துக் காட்டியது ஒரே ஒரு பொருள்தான், முப்பது கிலோமீட்டருக்கு நின்று நின்று போன அந்த வண்டி. திரும்புகிற வழியில் பழைய பாதை மேட்டைத் தேடிப் போனேன். சீமைக்கருவேலம் மூடிக் கிடந்தது, சில இடத்தில் வீடு வந்துவிட்டது.

கோட்டையைப் பழுதுபார்க்க டென்மார்க்கிலிருந்து உதவி வந்தது. நன்றி சொல்ல வேண்டிய காரியம் அது. ரயிலுக்கு அங்கிருந்து யாரும் வர மாட்டார்கள், நாம்தான் கேட்க வேண்டும். மயிலாடுதுறை 2020 டிசம்பரில் தனி மாவட்டமாகிவிட்டது. மாவட்டத் தலைநகரிலிருந்து அதன் கடற்கரை ஊருக்கு, நடுவில் திருக்கடையூர் போன்ற கூட்டம் சேரும் தலத்தை வைத்துக்கொண்டு, ஒரு ரயில் ஓட்ட முடியாதா? டெல்டா மக்கள் வெகுகாலமாக இதைக் கேட்டு வருகிறார்கள். மேல்காவிரிக்காரர்களாகிய நாங்களும் அவர்களோடு சேர்ந்து கேட்கிறோம்: மயிலாடுதுறை - தரங்கம்பாடி பாதையை அகல ரயில் பாதையாகத் திரும்பப் போடுங்கள்.