பார்த்துச் சொல்வதும் நினைத்துச் சொல்வதும்

நாக்பூரில் ஒரு ரயில்வே குடியிருப்பு. மாலை நேரங்களில் அந்த வீட்டின் முன்னறையில் கணினித் திரையில் ஒரு மின்சார ரயில் ஓடும். ஓட்டுபவள் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் மகள். மென்பொருள், இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் ரெயில்ஸ். எஞ்சின், ஆர்வலர்கள் உருவாக்கிய டபிள்யூஏபி-4.

உள்ளறையில் இருக்கும் தந்தை அதே வகை எஞ்சினை நாக்பூர்–இட்டார்சி தடத்தில் 19 ஆண்டுகள் ஓட்டியவர். சர்க்கரை நோய் விழித்திரையைத் தாக்கியது. லோகோ பைலட்டுக்கு வேண்டிய ஏ-1 பார்வைத் தகுதி போயிற்று. இப்போது லாபியில் அமர்ந்து, பணிக்கு வரும் மற்ற ஓட்டுநர்களின் வருகையைப் பதிகிறார். மூன்றாண்டுகளாக அவர் அந்தத் திரையின் பக்கம் வந்ததில்லை.

அவரை வெளியே இழுத்தது ஓர் ஒலி. மகள் நாட்சுகளை மடமடவென ஏற்றிக்கொண்டிருந்தாள். "பொறும்மா, அம்மீட்டர் இறங்கட்டும்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

டபிள்யூஏபி-4இல் 32 நாட்சுகள் உண்டு. ஒவ்வொரு நாட்சும் மோட்டாருக்குச் செல்லும் மின்னழுத்தத்தை ஒரு படி உயர்த்தும். உடனே மின்னோட்டம் எகிறும். சக்கரம் வேகம் பிடிக்கப் பிடிக்க அது தானாகத் தணியும். தணியும்வரை காத்திருந்து அடுத்த படி ஏற வேண்டும். காத்திராமல் ஏற்றினால், குறிப்பாக மழை நாளில், இரும்பின் மேல் இரும்பு வழுக்கும். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அப்போது நாட்சைக் குறைத்து மணல் தூவ வேண்டும்.

பிரேக்கும் அவ்வாறே. பிரேக் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தம் நிற்கும்போது வண்டி விடுபட்டிருக்கிறது. அழுத்தத்தைக் குறைத்தால் பிடிக்கிறது. 24 பெட்டிகள் என்றால் அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளம். முன்னால் குறைத்த அழுத்தம் கடைசிப் பெட்டியை எட்டவும், விட்ட பிரேக் முழுதும் தளரவும் நேரமாகும். மகள் ஒரு நிலையத்தில் நடைமேடையைத் தாண்டி நிறுத்தினாள். தந்தை சிரிக்கவில்லை. "நாலு பெட்டி வெளியே நிற்குது. அதில் இருக்கிற வயசானவங்க இருட்டில் ஜல்லி மேல் இறங்கணும்" என்றார். விளையாட்டு அவளிடம் கழித்தது சில மதிப்பெண்களை மட்டுமே.

அடுத்து நியூட்ரல் செக்‌ஷன் வந்தது. அடுத்தடுத்த துணைமின் நிலையங்கள் மும்முனை மின்சாரத்தின் வெவ்வேறு முனைகளிலிருந்து தடத்துக்கு மின்சாரம் தருகின்றன. அவை ஒன்றோடொன்று தொடக்கூடாது என்பதற்காக நடுவில் மின்சாரமற்ற சிறு துண்டு விடப்படுகிறது. 500 மீட்டரிலும் 250 மீட்டரிலும் எச்சரிக்கைப் பலகைகள் நிற்கும். நாட்சுகளைச் சுழிக்கு இறக்கி, டிஜே எனப்படும் முதன்மைத் துண்டிப்பானைத் திறந்து, வந்த வேகத்திலேயே வண்டியைக் கடக்கவிட வேண்டும். கடந்தபின் டிஜேயை மூடி, மீண்டும் ஒவ்வொரு நாட்சாக ஏற வேண்டும். அவர் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அதற்குள் அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு, உதவி ஓட்டுநரின் இடமான அவள் அருகில் அமர்ந்திருந்தார்.

இனி சிக்னல். எஞ்சினில் இருவரும் சிக்னலின் நிறத்தை உரக்கச் சொல்லியாக வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் தாமும் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். திரையில் தெரியும் சிறு புள்ளி ஒற்றை மஞ்சளா இரட்டை மஞ்சளா என்று அவருக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஆகவே அவள் சொன்னாள், அவர் திருப்பிச் சொன்னார். மூன்று சிக்னல்கள் இவ்வாறு கடந்தன. நான்காவதற்கு, வளைவு திரும்பும் முன்னரே அவள் "பச்சை" என்றாள். அந்தத் தடத்தைப் பலமுறை ஓட்டியவள். அங்கே எப்போதும் பச்சைதான்.

அவர் திருப்பிச் சொல்லவில்லை. "பார்த்துச் சொல்றியா, நினைச்சுச் சொல்றியா?" என்று கேட்டார்.

பிறகு, வீட்டில் எவரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். மூன்றாண்டுகளுக்கு முன் ஓரிரவு, பல ஆண்டுகள் பழகிய ஒரு வளைவில் அவரும் "பச்சை" என்றார். உதவி ஓட்டுநரும் "பச்சை" என்றார். சிக்னலும் பச்சையாகவே இருந்தது. வண்டி குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதை நெருங்கிய பிறகே, தாம் வெளிச்சத்தைப் பார்க்கவில்லை, பழக்கத்தைப் படித்திருக்கிறோம் என்று அவருக்குப் புரிந்தது. அடுத்த மருத்துவப் பரிசோதனைக்கு மாதங்கள் இருந்தன. அவர் காத்திருக்கவில்லை, பணி முடிந்ததும் தாமே மருத்துவரிடம் சென்றார். பரிசோதனையில் தந்தை தோற்றார் என்றே மகள் இதுநாள்வரை எண்ணியிருந்தாள்.

எஞ்சினை உள்ளபடி ஓட்டுவது என்றால் அம்மீட்டரும் அழுத்தமானியும் உண்மைபோல் அசைவது என்றுதான் ஆர்வலர்கள் பெரும்பாலும் கருதுகிறார்கள். அவையும் வேண்டும். ஆயினும் அறிந்த தடத்திலும் அறியாதவனைப்போல் பார்ப்பதே அத்தொழிலின் கடினமான பகுதி. அதை எந்த மென்பொருளும் தானாகக் கற்பிப்பதில்லை. அருகில் ஒருவர் அமர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது.

மகள் நாட்சைக் குறைத்தாள். வளைவு திரும்பியது. அவள் திரையை உற்றுநோக்கி, சற்றுத் தாமதித்து, "பச்சை" என்றாள்.

"பச்சை" என்றார் தந்தை.