அம்மாயி எண்ணாத நெல்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் அரசனிடம் பரிசு கேட்ட கதையை எனக்குச் சொன்னவள் அம்மாயி. முதல் கட்டத்துக்கு ஒரு நெல், அடுத்ததுக்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு. 64 கட்டமும் நிறைவதற்குள் அரண்மனைக் குதிர் காலி. “மொத்தம் எத்தனை நெல்லு அம்மாயி?” என்று கேட்டால், “எண்ணி மாளாது கண்ணு” என்பாள்.

எண்ணி மாளும். விடை 18446744073709551615. மொத்தம் 20 இலக்கங்கள். கணிப்பொறி இல்லாத காலத்தில் இதை எப்படிக் கணக்கிட்டிருப்பார்கள் என்று தேடிப் போனேன்.

கதையின் நாயகன் சிஸ்ஸா இந்தியன் என்பார்கள். ஆனால் என் தேடல் போய் நின்றது அரபு நூல்களில். 13-ஆம் நூற்றாண்டில் இப்னு கல்லிகான் கோதுமை மணிகளை வைத்து இக்கதையைச் சொல்கிறார். அவருக்கும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்தியவர் அல்-பிரூனி. 1000-ஆம் ஆண்டை ஒட்டி அவர் எழுதிய காலக்கணிப்பு நூலில் அந்த எண்ணே இருக்கிறது. அவர் 64 எண்களைக் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. 16-ஐ அதனாலேயே பெருக்கினால் 256. அதை அதனாலேயே பெருக்கினால் 65536. மறுபடியும் பெருக்க 4294967296. நான்காம் முறையும் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் தீர்ந்தது. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் தாளை எடுத்து வைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். கடைசிப் பெருக்கலில் மட்டும் பத்து வரிசை. இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டிச் சரிபார்த்தபோது 7 வரவேண்டிய இடத்தில் 5 வந்தது. ஆறாம் வரிசையில் கைவசம் வைத்திருந்த 2-ஐச் சேர்க்க மறந்திருந்தேன். திருத்தியதும் இருபது இலக்கமும் அப்படியே வந்து நின்றன. அந்த மகிழ்ச்சியைச் சொல்லி விளக்க முடியாது.

ஒரு வர்க்கத்தில் ஒன்றைக் கழித்தால், அது ஒன்று குறைந்த எண்ணும் ஒன்று கூடிய எண்ணுமாகப் பிரிந்துவிடும் என்பது பள்ளிக்கூடச் சூத்திரம். அல்-பிரூனியின் வழியே அதனால் இந்த எண்ணை உடைக்கவும் உதவுகிறது. உடைத்தால் கிடைப்பவை 3, 5, 17, 257, 65537, 4294967297. இவை பெர்மா எண்கள். இந்த வரிசையில் வருவதெல்லாம் பகா எண்களே என்று 17-ஆம் நூற்றாண்டில் பெர்மா நம்பினார். முதல் ஐந்தும் பகா எண்கள்தாம். ஆறாவதை 1732-இல் ஆய்லர் 641-ஆல் மீதியின்றி வகுத்துவிட்டார், ஈவு 6700417. பெர்மாவின் நம்பிக்கையைத் தகர்த்த அந்த 641 அம்மாயியின் நெற்குவியலுக்குள்ளேயே இருந்திருக்கிறது!

பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்பவர்கள் “எண்ண முடியாத நெல்” என்று முடித்துவிடாதீர்கள். ஒரு தாளும் பேனாவும் கொடுத்து 16-லிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நான்கே பெருக்கல், ஒரு கழித்தல்.