காயலைத் தாண்டிக் கல்லூரி

கொச்சி, ஜூலை

அன்புள்ள தோழி,

வகுப்பெல்லாம் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படகைப் பற்றிக் கேள்.

நான் தங்கியிருப்பது ஃபோர்ட் கொச்சியில். மகாராஜாஸ் கல்லூரி எர்ணாகுளத்தில். நடுவே காயல். பஸ்ஸிலும் போகலாம், ஆனால் தோப்பும்படி நெரிசலில் மாட்டினால் முதல் வகுப்பு போச்சு. அதனால் காலையில் அரசுப் படகுதான். கொச்சி ஷிப்யார்டில் கட்டிய வாட்டர் மெட்ரோ படகு 2023இல் வந்துவிட்டது, ஏ.சி., சத்தமே இல்லை. எனக்கென்னவோ பழைய படகில்தான் மனசு.

அதில் சாரங்கு மேலே சுக்கானைப் பிடித்து நிற்பார். இன்ஜின்காரர் கீழே, எண்ணெய் வாடையில். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. வேகமா, மெதுவா, பின்னாலா எல்லாம் கயிற்றை இழுத்து அடிக்கிற மணியில்தான். மழைக்காலத்தில் ஆறுகள் அடித்துக்கொண்டு வரும் ஆகாயத்தாமரை காயலையே மூடிவிடுகிறது. அது படகின் அடியிலுள்ள விசிறியில் சுற்றினால் படகு திணறும். உடனே மணி. பின்னால் வந்து செடியை உதறிவிட்டு மறுபடி முன்னே போவோம். ஆபீஸ் போகிற சேச்சிமார் பேச்சைக்கூட நிறுத்த மாட்டார்கள்.

ஒரு பக்கம் வல்லார்பாடம் கன்டெய்னர் கிரேன்கள், மறுபக்கம் வில்லிங்டன் தீவு. பள்ளியில் கொச்சியை இயற்கைத் துறைமுகம் என்று எழுதி மார்க் வாங்கினோமே, அது பாதிதான் உண்மை. முகத்துவாரத்தை மணல்திட்டு மறித்துக் கிடந்ததால் பெரிய கப்பல்கள் வெளிக்கடலிலேயே நங்கூரம் போட்டு நிற்குமாம். 1920இல் மதராஸ் அரசாங்கம் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினீயரை அனுப்பியது. திட்டை வெட்டி 1928இல் கப்பலுக்கு வழி திறந்தார்கள். தோண்டிய மண்ணைக் கொட்டியே இவ்வளவு பெரிய தீவு! பெயர் மட்டும் மதராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டனுடையது. மண் சுமந்தவர்கள் பெயர் எதுவும் இல்லை. இதையெல்லாம் சொல்லித் தந்தது எந்தப் பேராசிரியரும் இல்லை, பக்கத்து இருக்கையில் வந்த ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி.

கல்லூரி 1875இல் தொடங்கியது. மம்முட்டி படித்த இடம் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். சுவர் முழுக்க மாணவர் சங்கக் கோஷங்கள், மரத்தடி முழுக்க வாக்குவாதம். நம் ஊரில் மாணவர் தேர்தல் என்றாலே கல்லூரி முதல்வருக்குக் காய்ச்சல் வரும். இங்கே வகுப்பறைக்குள்ளேயே வந்து ஓட்டுக் கேட்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. தேர்வு நெருங்கும்போது என்ன சொல்வேனோ தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை வெளி என்கிற இடத்திலுள்ள தோபி கானாவுக்குப் போனேன். டச்சுக்காரர்கள் தங்கள் படையின் உடுப்பு வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த வண்ணார் குடும்பங்களின் சந்ததி இன்றும் அங்கே துவைக்கிறது. கொடியில் ஒரு கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டி, அந்தப் புரி இடுக்கில் துணி முனையைச் செருகுகிறார்கள். கடற்காற்று என்ன அடித்தாலும் வேட்டி அசைகிறதே தவிர விழவில்லை. நானும் செருகிப் பார்த்தேன். என் துண்டு உடனே கீழே. “எந்த ஊரு கண்ணு?” என்றார் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பாட்டி. ராஜபாளையம் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. பழநி தெரியுமாம்.

பூஜா லீவில் வருகிறாயா? எர்ணாகுளம் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் போட் ஜெட்டி என்று சொல், போதும். வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா ஒரு கிலோ. ஹாஸ்டல் பெண்களும் பங்கு கேட்டுவிட்டார்கள், அரைக் கிலோ போதாது.

உன்,
கொச்சிக்காரி