இன்னும் வார்க்கப்படாத விலங்குகள்

நவம்பர் பிறந்துவிட்டால் டைனோசர் பொம்மை சேகரிப்பவர்களுக்கு இருப்புக் கொள்ளாது. அடுத்த ஆண்டு வரப்போகும் உருவங்களின் படங்களைக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெளியிடத் தொடங்கும் காலம் அது. ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் ஜனவரி கடைசி வாக்கில் கூடும் பொம்மைக் கண்காட்சி வரை இந்தப் பரபரப்பு நீளும். அதற்குள் ஆளாளுக்கு ஓர் ஆசைப் பட்டியலை எழுதி முடித்திருப்பார்கள். அமெரிக்காவின் சஃபாரி, பிரான்சின் பாப்போ, ஜெர்மனியின் ஷ்லைக், சீனாவின் பிஎன்எஸ்ஓ, அரிய விலங்குகளுக்குப் பேர்போன கலெக்டா என்று எந்தக் கம்பெனி எந்த விலங்கைச் செய்தால் பொருத்தமாக இருக்கும் என்பதுவரை அதில் இருக்கும்.

இந்தப் பட்டியல்களைச் சிறுபிள்ளைத்தனம் என்று தள்ளிவிட முடியாது. ஒரு காண்டாமிருகத்தை யாரும் பொம்மையாகச் செய்யாவிட்டாலும் அதற்கு ஒன்றும் குறைந்துவிடாது. அது காட்டில் இருக்கிறது, படத்தில் இருக்கிறது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்பு அழிந்த ஒரு விலங்கின் நிலை வேறு. ஆய்விதழில் ஒரு கட்டுரை, ஏதோ ஓர் அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் சில எலும்புகள், அவ்வளவுதான் அது. சினிமாவில் வந்து புகழ்பெற்ற சில பெயர்களை விட்டால், மற்றவற்றுக்குச் சதையும் தோலுமாக ஓர் உடம்பு கிடைப்பது பெரும்பாலும் யாரோ ஒரு சிற்பி அதைப் பொம்மைக்காக வடிக்கும்போதுதான். சேகரிப்பவர்கள் கேட்பது அந்த உடம்பை.

எல்லாத் தலைமுறையும் தனக்குத் தெரிந்த உடம்பைத்தான் கேட்டிருக்கிறது. 1950களில் நியூயார்க்கின் லூயிஸ் மார்க்ஸ் கம்பெனி டைனோசர் பொம்மைகளைப் பை பையாக விற்றபோது, அவற்றுக்கு முன்மாதிரியாக இருந்தது யேல் பல்கலைக்கழகத்தின் பீபாடி அருங்காட்சியகச் சுவரில் ருடால்ஃப் ஸாலிங்கர் 1947இல் வரைந்து முடித்த 110 அடி நீள ஓவியம். அதில் டைரனோசாரஸ் நிமிர்ந்து நின்று வாலைத் தரையில் இழுத்துக்கொண்டிருக்கும். பொம்மையும் அப்படியே நின்றது. 1974இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரைச் சேர்ந்த இன்விக்டா பிளாஸ்டிக்ஸ், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஒரு வரிசையைத் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஒரே நிற பிளாஸ்டிக்; கண்ணுக்குக்கூடத் தனி வண்ணம் கிடையாது. ஆனால் கையில் எடுத்துத் திருப்பினால் வயிற்றடியில் விலங்கின் பெயரும் அருங்காட்சியகத்தின் பெயரும் பொறித்திருக்கும். பொம்மைக்கு ஓர் அருங்காட்சியகம் பொறுப்பேற்கலாம் என்ற எண்ணம் அந்தச் சின்ன எழுத்துகளில் இருக்கிறது.

அந்த எண்ணத்தை நெடுங்காலம் சுமந்தது கார்னகி வரிசை. பிட்ஸ்பர்க்கின் கார்னகி இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு சேர்ந்து சஃபாரி கம்பெனி 1988இல் தொடங்கிய அது, 1:40 என்ற அளவைப் பிடித்துக்கொண்டு 2015 வரை ஓடியது. சிற்பி ஃபாரஸ்ட் ராஜர்ஸ். கடைசியாக வந்தது இறகு போர்த்திய வெலாசிராப்டர். தொடக்கத்தில் வந்த உருவங்களை அதன் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை என்று நம்புவது கடினம். இடையில் 1996இல் சீனாவின் லியாவோனிங் மாகாணத்திலிருந்து இறகு டைனோசரான சினோசாரோப்டெரிக்ஸ் வெளியுலகுக்கு வந்து, டைனோசர்களின் தோலைப் பற்றிய பேச்சையே மாற்றிவிட்டிருந்தது.

ஆசைப் பட்டியல்களில் புது விலங்குகளுக்குச் சமமாகப் பழைய விலங்குகளும் ஏன் இடம்பெறுகின்றன என்பதற்கு இங்கேதான் விடை. திரும்பச் செய்யுங்கள், சரியாகச் செய்யுங்கள் என்பதே பலரின் முதல் வேண்டுகோள். இதற்கு ஸ்பினோசாரஸைவிடப் பொருத்தமான உதாரணம் இல்லை.

எகிப்தின் பஹாரியா பாலைவனச் சோலையில் 1912இல் கிடைத்த அதன் எலும்புகளை ஜெர்மானியத் தொல்லுயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஷ்ட்ரோமர் 1915இல் விவரித்தார். 1944 ஏப்ரலில் மியூனிக் மீது விழுந்த குண்டுகளில் அவை அருங்காட்சியகத்தோடு அழிந்தன. எஞ்சியவை வரைபடங்களும் சில புகைப்படங்களும். அதன் பிறகு பல பத்தாண்டுகள் சிற்பிகள் வேறொரு பெரிய ஊனுண்ணியின் உடம்பை எடுத்து முதுகில் பாய்மரம் நட்டார்கள். 2001இல் வந்த மூன்றாம் ஜுராசிக் பார்க் படம் அந்த உருவத்தை உலகப் புகழாக்கியது. நீண்ட கால்களோடு எத்தனையோ பொம்மைகள் கடைகளை நிறைத்தன. 2014இல் நிஸார் இப்ராஹிம் குழுவினர் மொராக்கோவில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, அதன் பின்னங்கால்கள் மிகக் குட்டையானவை என்று அறிவித்தார்கள். கம்பெனிகள் புது அச்சு செய்து, குட்டைக் கால் ஸ்பினோசாரஸைக் கடைக்கு அனுப்பின. 2020இல் அதே குழு வாலெலும்புகளை வெளியிட்டது: துடுப்புபோல் உயர்ந்து தட்டையான வால். ஆறே ஆண்டுகளில் புதுப் பொம்மைகளும் பழசாயின. மறுபடியும் அச்சு. 2022இல் இன்னொரு குழு, இந்த விலங்கு ஆழத்தில் நீந்தி வேட்டையாடியிருக்க முடியாது என்று வாதிட்டது. ஒரு சேகரிப்பாளரின் அலமாரியில் நாலு ஸ்பினோசாரஸ் வரிசையாக நின்றால் அதை வீண்செலவு என்று யாரும் சொல்லத் தேவையில்லை. நூறாண்டு ஆராய்ச்சி எப்படி நகர்ந்தது என்பதை அந்த ஒரு தட்டில் காட்டலாம்.

டங்க்லியோஸ்டியஸ் என்ற கவச மீனுக்கும் இதே கதிதான். தலைக்கவசம்தான் புதைபடிவமாகக் கிடைக்கிறது. உடலைக் கணித்துத்தான் சொல்ல வேண்டும். ஆறு மீட்டருக்கும் மேல் நீளம் என்று வெகுநாள் எழுதிவந்ததை 2023இல் ஓர் ஆய்வு மூன்றரை முதல் நாலு மீட்டர் வரை என்று குறைத்தது. நீண்ட சுறாவைப்போல வடித்திருந்த உருவங்களின் இடத்தில், சூரை மீன்போல் குட்டையாய்க் கொழுத்த ஒன்று இப்போது வேண்டுமாம். கேட்பது நியாயம்தான்.

அளவு, உடற்கட்டு போல நிறமும் இன்று அறிவியலுக்குள் வந்துவிட்டது. 2010இல் சினோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெளுப்புமாக மாறி மாறி வளையங்கள் இருந்தது தெரியவந்தது. 2012இல் மைக்ரோராப்டரின் இறகுகள் காக்கையைப்போல் மினுமினுக்கும் கறுப்பு என்று கண்டார்கள். புதைபடிவ இறகுகளில் தங்கியிருக்கும் நுண்ணிய நிறமித் துகள்களின் வடிவத்தை இன்றைய பறவைகளோடு ஒப்பிட்டுச் சொல்லும் முடிவுகள் இவை. விவரம் தெரிந்தவர்கள் இந்த விலங்குகளுக்கு இனி மனம்போன வண்ணம் அடிப்பதை ஏற்கமாட்டார்கள்.

இவர்கள் ஒரு புதுப் பொம்மையைப் பார்க்கும் விதத்தைக் கிட்டத்தில் கவனித்தால் ஆசை எவ்வளவு நுணுக்கமானது என்று புரியும். முதலில் கை. இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர்களின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி, கைதட்டப் போவதுபோல் இருக்க வேண்டும். தரையைப் பார்த்துத் தொங்கினால் மணிக்கட்டு ஒடிந்ததாகத்தான் பொருள். அடுத்து வாய். கர்ஜிக்கும் வாய்தான் கடையில் விற்கும் என்று கம்பெனிகள் நம்புகின்றன. சேகரிப்பவர்கள் கேட்பது மூடிய வாய். டைரனோசாரஸின் பற்களை உதடுகள் மூடியிருக்க வேண்டும் என்று வாதிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வு வந்த பிறகு இந்தக் கோரிக்கைக்கு வலு கூடிவிட்டது. அதற்கப்புறம் பாதம். வாலைத் தரையில் ஊன்றிய பழைய பொம்மை மூன்று காலில் சௌகரியமாக நின்றது. உடலைக் கிடைமட்டமாக வைத்து வாலை உயர்த்தியதும் எடை முழுதும் இரண்டு கணுக்காலில் இறங்கிவிட்டது. பி.வி.சி. வெயிலில் இளகும், கோடை வந்தால் அலமாரியில் நிற்கும் உருவம் மெல்ல முன்னால் சாயும். அதைக் காலோடு வெந்நீரில் முக்கி, இளகியதும் நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் வைத்து இறுகச் செய்வது இவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சாயாமல் இருக்கவென்று கம்பெனிகள் பாதத்தைப் பெரிதாக்கினால் அதுவும் இவர்கள் கண்ணை உறுத்தும். அடியில் ஒரு தட்டு வைத்துக் கொடுங்கள், பாதத்தைத் தொடாதீர்கள் என்று கேட்பவர்கள் அநேகம்.

இவ்வளவு கேட்டும் பட்டியலின் பெரும்பகுதி ஏன் கனவாகவே நிற்கிறது? உலோக அச்சின் செலவுதான் காரணம். டைரனோசாரஸுக்கு ஆகும் அதே செலவுதான் யாரும் கேள்விப்படாத ஒரு விலங்கின் அச்சுக்கும் ஆகும். கடைக்கு வரும் குழந்தை பெயர் சொல்லிக் கேட்பதோ டைரனோசாரஸை. அதனால் ஒவ்வோர் ஆண்டும் புது டைரனோசாரஸ் வந்துகொண்டே இருக்கிறது. டைனோசர்களுக்கு முன்பே பெர்மியன் காலத்தில் வாள்பற்களோடு திரிந்த கோர்கோனாப்ஸிட்கள், டைனோசர்களுக்குப் பின் வந்த பாலூட்டிகள், முதுகெலும்பில்லாத கடல் உயிரினங்கள் எல்லாம் வாசலில் காத்துநிற்கின்றன. இந்தக் கதவைக் கொஞ்சம் திறந்துவைத்த பெருமை கலெக்டாவுக்கு உண்டு. ட்ரைலோபைட்டையும் அம்மோனைட்டையும் தனி உருவங்களாகச் செய்து விற்றது அந்தக் கம்பெனி. அரியலூரின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் அம்மோனைட்டைக் கல்லாகப் பார்த்த ஒருவருக்கு, சுருண்ட ஓட்டுக்கு வெளியே கண்ணும் கைகளும் நீண்டிருக்கும் அந்தப் பொம்மை என்ன மகிழ்ச்சி தரும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனிகளுக்குக் காத்திராத வழியும் ஒன்று பிறந்தது. 2016இல் டேவிட் சில்வா என்ற அமெரிக்கச் சிற்பி, மூட்டுகள் அசையும் இறகு டைனோசர்களின் வரிசை ஒன்றுக்குக் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் முன்பணம் கேட்டார். வாங்க நினைத்தவர்களே முதல் போட்டார்கள், உருவங்கள் வந்தன. கடைக்காரரின் தயக்கம் இடையில் இல்லாவிட்டால் எந்த விலங்கெல்லாம் வெளிவரும் என்பதற்கு அது நல்ல சான்று.

இந்திய விலங்குகளின் பக்கம் திரும்பினால் பட்டியல் எடுத்த எடுப்பிலேயே கனக்கிறது. அரியலூர்ப் பகுதியில் கல்லமேடு அருகே கிடைத்த எலும்புகளை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் விவரித்து, பிருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் அதை ஊனுண்ணி என்றே கருதினார்கள். பிறகுதான் நீண்ட கழுத்துத் தாவர உண்ணிகளின் கூட்டத்துக்கு மாற்றினார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டும் இரண்டு மீட்டர். கார்னகி வரிசையின் 1:40 அளவில் ஒரு மனிதனை வைத்தால் நாலேகால் சென்டிமீட்டர் உயரம் வருவான். அந்த ஒற்றை எலும்பு ஐந்து சென்டிமீட்டர் வரும். மூல எலும்புகள் உதிர்ந்து போய்விட்டன. வரைபடங்களும், பின்னாளில் வெளிவந்த புகைப்படங்களுமே மிச்சம். 2023இல் கிரெகரி பாலும் ஆசியர் லாராமெண்டியும் இந்த விலங்கின் எடை 110 முதல் 170 டன் வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள், திமிங்கலங்களுக்கு இணையாக. அந்த லாராமெண்டிதான் துல்லியமான யானையினப் பொம்மைகளுக்குப் பெயர்பெற்ற ஈயோஃபவுனா நிறுவனத்தின் பின்னால் இருப்பவர். காவிரிப் படுகையின் ராட்சதனை எடைபோட்டவரே பொம்மையும் செய்கிறார் என்னும்போது ஆசை துளிர்க்கத்தான் செய்யும். ஆனால் தலை, கழுத்து, முதுகு எதுவும் இல்லாத ஒன்றை நேர்மையான சிற்பி எப்படி வடிப்பார்? இந்த ஆசை இப்போதைக்கு நிறைவேறாமல் இருப்பதே சரி.

காத்திருந்தால் கிடைக்கும் என்பதற்கும் சான்று இல்லாமல் இல்லை. மங்கோலியாவில் 1965இல் ஸோஃபியா கீலன்-யாவொரொவ்ஸ்கா கண்டெடுத்த டெய்னோகைரஸுக்கு வெறும் இரண்டு கைகள்தான் இருந்தன, ஒவ்வொன்றும் 2.4 மீட்டர். கிட்டத்தட்ட ஐம்பது ஆண்டுகள் அந்தக் கைகளுக்கு உடம்பு இல்லை. 2014இல் கூன்முதுகும் வாத்துபோல அகன்ற அலகுமாக முழு விலங்கும் வெளிப்பட்டது. யாருடைய கற்பனையிலும் அது அப்படி இருந்ததில்லை. பொம்மைகளும் பின்னாலேயே வந்தன.

இன்றே செய்யத் தக்கவை வேறு உண்டு. குஜராத்தில் டைனோசர் கூட்டுக்குள் முட்டையைச் சுற்றிச் சுருண்டபடி, பக்கத்தில் அரை மீட்டர்க் குஞ்சோடு புதைபடிவமான சனாஜே என்ற மூன்றரை மீட்டர்ப் பாம்பு ஒரு காட்சியாகவே கிடைத்திருக்கிறது. சிற்பி எதையும் புதிதாக யோசிக்க வேண்டாம். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் எலும்புக்கூடாக நிற்கும் பராபசாரஸ் தாகோரை என்ற டைனோசர், தாகூரின் பெயரைத் தாங்கியது. மண்டையோடு மட்டும் கிடைக்கவில்லை. எல்லாவற்றிலும் எளிதானது சிருங்கசாரஸ். மத்தியப் பிரதேசத்தின் சாத்பூரா பகுதியில் கிடைத்து 2017இல் பெயர் பெற்ற ட்ரையாசிக் கால ஊர்வன அது. புருவத்துக்கு மேல் முன்னோக்கி நீளும் இரண்டு கொம்புகள். பல எலும்புக்கூடுகளின் பகுதிகள் ஒரே இடத்தில் கிடைத்ததால், கொம்பில்லாதவையும் அந்தக் கூட்டத்தில் இருந்தது தெரிகிறது. ஆண், பெண் என்று ஒரு ஜோடியாகவே வெளியிடலாம். மூன்று நாலு மீட்டர் நீளமுள்ள விலங்கு 1:40இல் பத்து சென்டிமீட்டருக்குள் அடங்கும், அச்சுச் செலவும் குறையும். நாலு காலிலும் ஊன்றி நிற்பதால் தட்டு வேண்டாம், பெரிய பாதம் வேண்டாம், வெந்நீரும் வேண்டாம்.