நூற்றிருபது மெயிலும் நான்கு கடிதமும்

நான் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியும் பழைய மாணவர்கள் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. போன மாதம் ஒரு தம்பி வந்தான். முனைவர் பட்ட வைவா முடிந்து ஐந்து மாதம். கொடுத்த காபி ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

"போஸ்ட்டாக்குக்கு 120 மெயில் போட்டாச்சு சார். ஒருத்தர்கூட பதில் போடலை."

பட்டத்துக்குப் பின் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேரும் தற்காலிக ஆய்வுப் பணிதான் போஸ்ட்டாக். ஒரு மெயிலைக் காட்டச் சொன்னேன். 'தங்கள் ஆய்வில் எனக்கு மிகுந்த ஆர்வம்' என்று இருந்தது. பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும். கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பினால் எத்தனை பேர் வருவார்கள்? வீட்டுக்குப் போய், தட்டில் வைத்து அழைத்தால்தானே சொந்தம் வரும்? "இதில் எத்தனை பேருடைய கட்டுரையைப் படித்திருக்கிறாய்?" என்றேன். பதில் இல்லை.

கட்டுரையைப் படித்துவிட்டு எழுதிய ஒருவரின் கதையை அவனுக்குச் சொன்னேன். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976இல் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கியபின் உயிரியல் பக்கம் திரும்பினார். அமெரிக்காவின் சான் டியேகோவில் மறுபடி மாணவராக உட்கார்ந்தார். யேல் பல்கலைக்கழகத்தின் எங்கல்மனும் பீட்டர் மூரும் உயிரணுவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் பற்றி ஓர் அறிவியல் இதழில் எழுதிய கட்டுரை அவர் கண்ணில் பட்டது. யேலுக்குக் கடிதம் எழுதினார். மூரின் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கே போஸ்ட்டாக்கை முடித்து ஆசிரியர் பணிக்கு அனுப்பிய சுமார் 50 விண்ணப்பங்கள் வீணாயின. ஆனால் அந்த ரைபோசோமை அவர் விடவில்லை; 2009இல் நோபல் பரிசு வந்ததும் அதற்காகத்தான்.

போஸ்ட்டாக்குக்குப் பணம் எங்கிருந்து வரும் என்பதையும் சொன்னேன். ஜெர்மனியின் ஹம்போல்ட் நிதிக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம். ஐரோப்பாவின் மேரி கியூரி நிதி ஆண்டுக்கு ஒருமுறை. ஜப்பானின் ஜே.எஸ்.பி.எஸ். நிதிக்கு அங்குள்ள பேராசிரியரே நமக்காக விண்ணப்பிக்க வேண்டும். நம் நாட்டின் தேசிய போஸ்ட்டாக் நிதிக்கும் நம்மை ஏற்கும் வழிகாட்டியின் ஒப்புதல் தேவை. அமெரிக்காவிலோ பெரும்பாலும் பேராசிரியர் தன் திட்டப் பணத்திலிருந்தே சம்பளம் தருகிறார். எந்த வழியில் போனாலும், 'வா' என்று சொல்ல ஒரு மனிதர் முதலில் வேண்டும். அவர் சம்மதித்து, நிதி கிடைத்து, விசா வந்து சேர ஓர் ஆண்டுகூட ஆகலாம். ஆகவே ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸைக் கொடுக்கும்போதே தேடத் தொடங்கிவிட வேண்டும்.

நான் செய்த தவறையும் அவனிடம் மறைக்கவில்லை. என் காலத்தில் ஏரோகிராமில் எழுதி, பெரிய பெயருள்ள ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் பிடித்தேன். அங்கே முன்பு வேலை பார்த்த ஒருவரிடமாவது விசாரித்திருக்கலாம், செய்யவில்லை. பேராசிரியரை மாதத்துக்கு ஒருமுறை பார்த்தாலே அதிகம். இரண்டு ஆண்டில் ஒரு கட்டுரைகூடத் தேறவில்லை. பெண் கொடுக்கும் வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், இதற்கு மட்டும் ஏன் கூச்சப்படுகிறோம்?

மூன்று வாரம் கழித்துத் தம்பி மறுபடி வந்தான். இந்த முறை நான்கே கடிதம் எழுதியிருந்தான். ஒன்றுக்குப் பதில் வந்திருந்தது. "இப்போது கையில் பணம் இல்லை. ஆனால் என் கட்டுரையின் மூன்றாவது படத்தைப் பற்றி நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. அடுத்த வாரம் பேசலாமா?"

"வேலை இன்னும் கிடைக்கலை சார்" என்றான். ஆனால் அன்று காபியைச் சூடாகவே குடித்தான்.