எல்லாருக்கும் ஒரே சொல்

எங்க ஊர் நாய்களுக்கு ரெண்டு எமன். ஒண்ணு சென்னை - கூடூர் ரயில் பாதை. இன்னொண்ணு சென்னையிலிருந்து கொல்கத்தா போகிற நெடுஞ்சாலை. போன ஐப்பசியில எங்க மணியைக் கொண்டுபோனது ரெண்டாவது. ஒன்பது வருஷம் வயல்ல கூடவே திரிஞ்சவன். எளாவூர் சோதனைச்சாவடிப் பக்கம் லாரிக்காரங்க மிச்சச் சாப்பாடு போடுவாங்கன்னு பழகிட்டான். ஒரு ராத்திரி திரும்பி வரலை. காலையில சாக்குல சுத்தி எடுத்துட்டு வந்து வேப்பமரத்தடியில புதைச்சேன். "இனி இந்த வீட்டுல நாய் வேணாங்க"ன்னாங்க வீட்டம்மா. நானும் சரின்னேன்.

மார்கழியில எங்க வைக்கோல் போர் இடுக்குல ஒரு தெருநாய் நாலு குட்டி போட்டது. மாசி பிறந்ததும் மூணை ஆளாளுக்கு எடுத்துட்டுப் போனாங்க. மிஞ்சினது ஒண்ணு. செவலை உடம்பு, மூஞ்சி மட்டும் கரிச்சட்டிக்குள்ள விட்டு எடுத்த மாதிரி. கருவாயன்னு கூப்பிட ஆரம்பிச்சது நாய் வேணாம்னு சொன்ன வீட்டம்மாதான். பேர் வச்சாச்சுன்னா அப்புறம் பேச்சு ஏது?

சென்னையிலிருந்து வர்ற சொந்தக்காரங்க முதல்ல கேக்கிறது, "என்ன பிரீட்?" ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னின்னு நம்ம நாட்டு நாய்களுக்குப் பேர் உண்டு. ராஜபாளையத்துக்கு 2005ல தபால்தலையே வந்தது. எங்க கருவாயன் வைக்கோல் போர் பிரீட்.

முதல் வாரமே ஒரு தப்பு பண்ணினேன். பாசத்துல பசும்பாலை ஊத்தினேன், வயித்தால போச்சு. கால்நடை மருந்தக டாக்டர், "தாய்நாய்ப் பாலை விட இதுல பால்ச்சர்க்கரை அதிகம், குட்டிக்குச் செரிக்காது. குழைஞ்ச சோறு, வேகவச்ச முட்டை குடுங்க"ன்னார். மூணு மாசம் ஆனதும் வெறிநோய் ஊசி. தெருநாய்தானேன்னு இதை மட்டும் விட்டுடாதீங்க. அந்த நோய் முத்தி வெளியே தெரிஞ்சபிறகு காப்பாத்த வழியில்லை, நாயையும் சரி, மனுஷனையும் சரி.

அவனுக்கு நான் கத்துக்குடுக்க நினைச்சது ஒண்ணே ஒண்ணுதான். கூப்பிட்டா வரணும். மணிக்கு நான் அதைச் சரியாப் பழக்கலை.

ஆனா வீட்டுல ஆளுக்கு ஒரு பாஷை. நான் "வாடா"ம்பேன். தடா பக்கத்துலேர்ந்து வாக்கப்பட்டு வந்த வீட்டம்மா "ரா"ம்பாங்க. பின்கட்டு ரூம்ல குடியிருக்கிற, சிப்காட்டுக்கு வேலைக்குப் போற பீகார் பசங்க "ஆஜா"ம்பாங்க. குட்டி நடுவுல நின்னு எல்லார் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்க்கும். கடைசியில எல்லாருக்கும் ஒரே சொல்லுன்னு முடிவாச்சு. சோறு போடுறவங்க சொல்லுதான் செல்லும், அதனால "ரா."

கன்னுக்குட்டிக் கயிறைக் கட்டி, சோத்துக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம். வந்தா ஒரு துண்டு முட்டை. முதல்ல திண்ணையில அஞ்சு அடி தூரம், அப்புறம் களம், அப்புறம் வரப்பு. பங்குனி கடைசியில கயிறு இல்லாமலே வந்தான்.

அப்பதான் கோழிக்குஞ்சு ஒண்ணைக் கவ்விட்டான். "ரா"ன்னு கத்தினேன். வாலை ஆட்டிக்கிட்டே வந்தான். வேப்பம் விளாறால ரெண்டு போட்டேன். மறுநாள்லேர்ந்து என் குரல் கேட்டாலே போருக்குப் பின்னாடி ஒளிஞ்சான். அவன் கணக்கு சரிதான். "ரா"ன்னா அடி. குஞ்சைக் கவ்வினதுக்கு இல்லை, வந்ததுக்குத்தான் அடின்னு எடுத்துக்கிட்டான்.

"கூப்பிட்டதும் வந்தவனை அடிப்பாங்களா?"ன்னாங்க வீட்டம்மா. அது நாய்க்காக மட்டும் கேட்டதில்லைன்னு எனக்குத் தெரியும். எங்க பையன் பத்தாவது படிக்கிறப்ப மார்க் அட்டையோட அவனைக் கூப்பிட்டு நான் செஞ்சதும் இதேதான். இப்பவும் அவன் போன் பண்ணினா முதல்ல "அம்மா இருக்காங்களா"ன்னுதான் கேப்பான்.

திரும்பவும் அஞ்சு அடியிலேர்ந்து ஆரம்பிச்சேன். பத்து நாள் ஆச்சு என் கைகிட்ட வர.

நவரை அறுப்பு அன்னிக்கு மெஷின் சத்தத்துல மிரண்டு ஓடினான். நான் பின்னாலயே ஓடினேன். சர்வீஸ் ரோடு ஓரத்துல நிக்கிறான், அந்தாண்ட லாரிகள் பறக்குது. ஓடிப்போய்ப் பிடிக்கப் பார்த்தா அவனும் ஓடுவான். நின்ன இடத்துலயே குந்தி உக்காந்து, தினமும் கூப்பிடுற அதே குரல்ல "ரா"ன்னேன். காது மட்டும் திரும்பிச்சு. இன்னொரு தடவை சொன்னேன். கொஞ்சம் யோசிச்சான், அப்புறம் மெதுவா வந்தான். பயத்துலயும் கோவத்துலயும் கை நடுங்கிச்சு. முட்டையும் கையில இல்லை. கழுத்தை மட்டும் தடவிக்கிட்டே உக்காந்திருந்தேன்.

ஒரு தடவை திரும்பினவன் எல்லாத் தடவையும் திரும்புவான்னு நான் நம்பலை. ரோட்டுப் பக்கம் இன்னும் கயிறு கட்டித்தான் கூட்டிட்டுப் போறேன்.